பூநாரையும் வெள்ளைக் கட்டமும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் திருவிழா என்றால் பிளெக்ஸில் ஒரு பூநாரை நின்றாக வேண்டும். ஏரியில் நிற்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதைச் சுற்றி வெள்ளைக் கட்டம் இருக்கும்.

"எடுத்துடலாம்ணா" என்பான் கம்ப்யூட்டர் தம்பி. விண்டோஸின் பழைய பெயின்ட்டில் 'டிரான்ஸ்பரன்ட் செலக்‌ஷன்' உண்டு. அதற்குப் பறவை தெரியாது, நிறம்தான் தெரியும். வெள்ளையை நீக்கச் சொன்னால் பின்னணியோடு இறகின் வெள்ளையும் போய், வயிற்றுக்குள் ஏரி தெரியும். விளிம்பில் ஒட்டிய அரைவெள்ளை மட்டும் போகாது. பி.என்.ஜி.யாகச் சேமித்தாலும் பின்னணி வெள்ளையாகவே வந்து உட்காரும்.

1985இல் விண்டோஸோடு பிறந்த பெயின்ட்டுக்கு பின்னணியை நீக்கும் ஞானோதயம் 2023இல்தான் வந்தது, அதுவும் முதலில் சோதனைப் பயனர்களுக்கு. இடையில், 2017இல், பெயின்ட்டையே மூட்டை கட்டப் பார்த்தார்கள்.

தம்பிகள் காத்திருப்பார்களா? பின்னணி இல்லாத படம் என்று தேடி, பின்னணி இல்லை என்று காட்டும் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்களோடு அப்படியே இறக்கி அச்சடித்துவிட்டார்கள்.

"ஏரிக்கு எப்படா டைல்ஸ் போட்டாங்க?" என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்.

"எலெக்‌ஷன் வருதில்ல, தாத்தா."