கோட்டைக்கு ஒரு ஸ்பான்சர்

பாரம்பரியத்தைக் காக்க அரசிடம் பணமில்லை என்று புலம்புகிறவர்களுக்கு 2017-லேயே பதில் சொல்லியாகிவிட்டது: தத்துக் கொடுத்துவிட்டால் போயிற்று! மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அந்தத் திட்டப்படி, மறு ஆண்டே ஒரு சிமென்ட் குழுமம் டெல்லி செங்கோட்டையை ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டுக்கு 25 கோடி ரூபாய். கழிப்பறை, குடிநீர், பெஞ்சு, வழிகாட்டிப் பலகை எல்லாம் இதில் அடக்கம். ஷாஜகான்தான் பாவம், 1639-ல் தொடங்கி ஒன்பது வருஷம் சொந்தக் கஜானாவைக் கரைத்தார். ஸ்பான்சர் பிடிக்கத் தெரியாத மனிதர்.

இத்தனை அருமையான யோசனையைக் கோட்டையோடு நிறுத்தலாமா? யாளியின் பல்லைப் பற்பசைக் கம்பெனிக்குக் கொடுக்கலாம். மூக்குடைந்த துவாரபாலகரை ஒரு எலும்பு முறிவு மருத்துவமனை ஏற்கட்டும். மண்டபத்து வௌவால் நாற்றத்துக்கு ஊதுபத்திக்காரர்கள் போட்டி போடுவார்கள். மேல்தளத்து நீர்க்கசிவை "வழங்குபவர்" ஒரு பெயின்ட் நிறுவனம். கசிவு நின்றால் விளம்பரமும் நின்றுவிடும் என்பதால், அதை மட்டும் பத்திரமாகப் பராமரிக்க வேண்டும்.

ஆனால் முதலீட்டாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோடிகளைக் கொட்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது ஓரமாக ஒரு சின்னப் பலகைதான். சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று மிரட்டுகிற தொல்லியல் துறையின் நீலப் பலகைக்குப் பின்னாலேயே, ஒரு துருப்பிடித்த ஆணியை மட்டும் மூலதனமாகப் போட்டு, "ரமேஷ் – சுதா" என்று கல்லிலேயே பெயர் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்பு துளைத்த இதயம் இலவச இணைப்பு. ஒப்பந்தக் காலம், பூமி உள்ளவரை.