இதயத்துக்கு வயசாயிடுச்சு!

கே: அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் யங்குக்குப் பயமே கிடையாதாமே?

ப: கூடப் போனவர்கள் கிளப்பிவிட்ட புகழ் அது! 1972இல் அப்பல்லோ 16 நிலாவுக்குக் கிளம்பிய நேரத்தில் தன் நாடித்துடிப்பு என்ன என்று சார்லி டியூக் பிறகு விசாரித்திருக்கிறார். 144. கமாண்டர் யங்குக்கு? வெறும் 70. பேங்கில் நம் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாலே நமக்கு அதற்கு மேல் அடிக்கும்.

1981இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தின் முதல் பயணத்திலும் இதே கதை. பக்கத்து சீட்டில் இருந்த பாப் கிரிப்பனுக்கு 130, யங்குக்கு 90 அளவில். கேட்டால், தன் இதயத்துக்கு வயசாகிவிட்டது, அதற்கு மேல் ஓடாது என்றாராம். அப்போது அவருக்கு 50.

ஆனால் பயம் இல்லாதவர் இல்லை. 1983 பயணத்தில், தரையிறங்கும் முன் இரண்டு கம்ப்யூட்டர்கள் அடுத்தடுத்துப் படுத்துக்கொண்டபோது கால் வெலவெலத்துப் போனதை அவரே சொல்லியிருக்கிறார்.

கே: ஆளில்லாமல் ஒருமுறைகூட அனுப்பிப் பார்க்காத கொலம்பியாவில் எப்படி ஏறினார்?

ப: தெரியாததால்! புறப்பட்ட வேகத்தில் எழுந்த அழுத்த அலை, ஓடத்தின் வால்பக்க மடிப்பை அளவுக்கு மீறி வளைத்திருந்தது. அது அப்போதே தெரிந்திருந்தால் இருக்கையோடு வெளியே குதித்திருப்பேன் என்று பின்னாளில் சொன்னார். இதை வீரம் குறைந்த பேச்சு என்பவர்கள் இன்ஜினியர்களோடு பழகாதவர்கள்.

கே: நிலாவில் எப்படி?

ப: கொடிக்குப் பக்கத்தில் எம்பிக் குதித்து அந்தரத்தில் சல்யூட் அடித்தார், படமெடுத்தவர் டியூக். பிறகு டியூக்கும் உயரம் தாண்டப்போய், முதுகுப் பையோடு மல்லாந்து விழுந்தார். உயிர்மூச்சே அந்தப் பையில்தான். யங் கடிந்துகொண்டார். அதே யங்தான் முன்னதாக ஒரு ஆய்வுக்கருவியின் கேபிளில் கால் தடுக்கி அதை அறுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டவர்!

கே: சாண்ட்விச் விவகாரம் உண்மையா?

ப: உண்மை. 1965, ஜெமினி 3. சக வீரர் வாலி ஷீரா வாங்கிக் கொடுத்ததை பாக்கெட்டில் ஒளித்து எடுத்துப்போய், உடன் பறந்த கஸ் கிரிஸமுக்குக் கொடுத்தார். துணுக்குகள் மிதந்தன, நாடாளுமன்றம் வரை புகார் போனது. அதற்குப் பிறகும் ஐந்து முறை விண்வெளிக்குப் போனார். நம் ஊரில் ஒரு மெமோவுக்கே இன்கிரிமென்ட் நின்றுவிடும்.

கே: அவர் மெமோ வாங்கியவரா, எழுதியவரா?

ப: எழுதியவர், அதுவும் விடாமல்! கிராமத்து ஆள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார்; அதை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். உள்ளே இருந்தது கூர்மையான இன்ஜினியர். 1986இல் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் மாண்டபின், கால அட்டவணைக்காகப் பாதுகாப்பைப் பலி கொடுக்கிறீர்கள் என்று நாசாவுக்குள்ளேயே எழுதிக் குவித்தார். 1974 முதல் வகித்த வீரர்கள் பிரிவின் தலைமைப் பதவி 1987இல் போனது. மெமோக்கள்தான் காரணம் என்பது பரவலான பேச்சு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. பதவி போனதே தவிர, பேனா ஓயவில்லை.

கே: ஏழாவது முறை ஏன் போகவில்லை?

ப: ஹப்பிள் தொலைநோக்கியை ஏற்றிச் செல்லும் பயணத்துக்கு அவர்தான் கமாண்டர். 1986இலேயே போயிருக்க வேண்டியது; சேலஞ்சர் விபத்தால் தள்ளிப்போனது. 1990இல் ஹப்பிள் கிளம்பியபோது வேறு குழு. இவர் 2004 டிசம்பர் 31 வரை, மொத்தம் 42 வருடம், நாசாவிலேயே இருந்தார்.