பதில் ஜனாதிபதிக்கு ஒரு வினாத்தாள்

கௌரவ தலைவர் அவர்கட்கு,
தேர்தல்கள் ஆணைக்குழு, ராஜகிரிய.

விடயம்: வாக்குச் சீட்டில் இன்னொரு பெயருக்கு இடம் கோரல்

ஐயா,

திருகோணமலையில் இருந்து நிலாவெளி வீதியால் வந்து, சாம்பல்தீவில் கடல் பக்கம் திரும்பினால் எங்கள் ஊர். பெயர் சல்லி. சல்லி என்றால் காசு என்பது இந்தத் தீவின் இரண்டு மொழிக்காரருக்கும் தெரியும். வெளிநாட்டுக் கடனைக் கட்ட வழியில்லை என்று அரசாங்கம் 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி கைவிரித்த பிறகு, வரைபடத்தில் விரல் வைத்து 'இந்தா, இங்கே சல்லி இருக்கிறது' என்று காட்டக்கூடிய இடம் இது ஒன்றுதான். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். வேறு தகுதி கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இதைவிடப் பெரிய காரியங்களுக்கே இந்த நாட்டில் தகுதி கேட்பதில்லை.

இந்த ஊருக்கு ஒரு கிராம உத்தியோகத்தர் வேண்டுமென்றால் அரசாங்கம் படும் பாடு கொஞ்சமல்ல. வர்த்தமானியில் விண்ணப்பம் கோரவேண்டும், வயதெல்லை பார்க்கவேண்டும், பரீட்சை வைக்கவேண்டும், நேர்முகத்தில் சான்றிதழ்களைப் புரட்டவேண்டும். வேலை கிடைத்த பின்பும் வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை என்ற ஒன்று குறுக்கே நிற்கும். மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி உண்டா என்று இன்னொரு சோதனை. ஆனால் ஜனாதிபதிக்கு ஏதும் ஆகிவிட்டால் அந்தக் கதிரையில் யார் அமர்வார் என்பதற்கு விண்ணப்பம் இல்லை, நேர்முகம் இல்லை, வாக்குச் சீட்டில் ஒரு கோடுகூட இல்லை. அரசியலமைப்பின் 40 ஆவது உறுப்புரைப்படி முதலில் பிரதமர் பதில் கடமை பார்ப்பார். பிறகு பாராளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அவர் மிச்சத் தவணை முழுவதையும் ஆளுவார். முதலில் கடமை பார்க்க வரும் அந்தப் பிரதமரைப் 'பதில் ஜனாதிபதி' என்கிறோம். கேள்வி கேட்காமலே வந்து சேருகிற பதில்.

அமெரிக்காவில் இரண்டாவது ஆள் யார் என்ற சண்டையை நாலு வருடத்துக்கு ஒருமுறை ஊர்த் திருவிழாபோல நடத்துகிறார்கள். 2008 இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜோன் மக்கெய்னுக்கு வயது 72. அவர் தனக்குத் துணையாகக் காட்டிய சாரா பேலின் அலாஸ்காவின் ஆளுநராகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. எதிர்ப்பக்கத் துணையான ஜோ பைடனோ 1973 இலிருந்து செனட்டில் இருந்தவர். பேலினின் பெயர் வெளிவந்த ஆகஸ்ட் 29 இலிருந்து வாக்களிப்பு நடந்த நவம்பர் 4 வரை, 67 நாட்கள், இந்த அம்மாவுக்கு அநுபவம் போதுமா என்று நாடே வாதாடியது. தொலைக்காட்சியில் கேள்வி கேட்டார்கள், அவர் தடுமாறியதையும் பார்த்தார்கள். அந்த முறையால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ட்ரூமன் பத்து வருடம் செனட்டில் இருந்தவர், வாக்குச் சீட்டிலும் பெயர் இருந்தவர். ஆனாலும் உப ஜனாதிபதியாக இருந்த 82 நாட்களில் அணுகுண்டு விடயத்தை ஒருவரும் அவருக்கு விளங்கப்படுத்தவில்லை. அங்கேயும் ஓட்டை உண்டு. ஆனால் ஓட்டை எங்கே என்று கப்பல் புறப்படுமுன் தடவிப் பார்க்கிற உரிமையாவது அவர்களுக்கு உண்டு. உப ஜனாதிபதியாக வந்த கமலா ஹரிஸுக்காக மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டதைப் பார்த்து மகிழ்ந்த நாங்கள், எங்கள் நாட்டில் அந்த இரண்டாவது பெயர் எது என்று கேட்க மறந்துவிட்டோம்.

கேட்க மறந்ததன் பலன் முதலில் 1993 இல் வந்தது. மே 1 ஆம் திகதி ஜனாதிபதி பிரேமதாச குண்டுக்குப் பலியானார். பிரதமராக இருந்த டி.பி. விஜேதுங்க ஜனாதிபதியானார். 1989 இல் அந்தப் பிரதமர் பதவிக்கு லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க என்று வலிய கைகள் இரண்டு காத்திருந்தன. பிரேமதாச தெரிந்தெடுத்தது மெல்லிய கையை. தலைவர்கள் துணையைத் தேடும்போது தேடுவது அநுபவத்தை அல்ல, குடையைப் பிடிக்கத் தெரிந்து அதைப் பறிக்கத் தெரியாத ஆளை. அதற்காக விஜேதுங்க அநுபவம் இல்லாதவர் என்று யாரும் சொல்லமுடியாது. 1965 இலேயே பாராளுமன்றம் கண்டவர். அமைச்சராக, ஆளுநராக இருந்தவர். அந்த நீண்ட அநுபவம் முழுவதும் திரண்டு கடைசியில் அவர் கண்டுபிடித்தது என்ன? இந்த நாட்டில் இனப்பிரச்சினை இல்லை, பயங்கரவாதப் பிரச்சினைதான் உண்டு. பெரும்பான்மை மரம், மற்றவர்கள் அதைச் சுற்றிப் படருகிற கொடி. திருகோணமலை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடலில் வலை போடுகிறார்கள். அங்கே எது மரம், எது கொடி என்று பார்த்துச் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லைப் போலும். ஆக, 'அநுபவம் எத்தனை வருடம்' என்று கேட்டிருந்தால் அவர் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார். 'எதில் அநுபவம்' என்று கேட்டிருந்தால்தான் சிக்கல்.

2019 இல் இதே பாடம் தலைகீழாக நடந்தது. கோட்டாபய ராஜபக்ஷ அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்லர். அந்தக் குறைக்குப் பரிகாரமாகப் பக்கத்தில் அண்ணன் இருந்தார்: 1970 இலேயே பாராளுமன்றம் புகுந்தவர், இரண்டு முறை ஜனாதிபதி. 69 இலட்சம் பேர் வாக்களித்தார்கள், சில நாட்களில் அண்ணன் பிரதமரானார். தம்பிக்கு இல்லாத அநுபவத்தை அண்ணன் ஈடுசெய்வார் என்ற அந்தக் கணக்கு எப்படி முடிந்தது என்பதை வேறு எந்த மாவட்டத்தையும்விட நாங்கள் கிட்ட இருந்து பார்த்தோம். 2022 மே 9 இல் பதவி விலகிய பிரதமர், மறுநாள் ஹெலிகொப்டரில் ஏறி வந்து இறங்கியது எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். அரை நூற்றாண்டு அநுபவம் எங்கள் துறைமுகத்தில் ஒதுங்கி நின்றது. இயற்கைத் துறைமுகம், எந்தப் புயலுக்கும் பாதுகாப்பு என்று வெள்ளைக்காரன் சொன்னது வீண்போகவில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. அநுபவத்தை இப்படி நையாண்டி பண்ணுகிறீரே, நாடு விழுந்து கிடந்தபோது தூக்கி நிறுத்தியது அநுபவம்தானே என்று கேட்பார்கள். ரணில் விக்கிரமசிங்க 1977 இலேயே பாராளுமன்றம் புகுந்தவர், ஆறு முறை பிரதமர். அவர் வந்தபின் எரிபொருள் வரிசை குறைந்தது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்பாடும் வந்தது. அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் வந்த வழியைப் பாருங்கள். 2020 இல் அவருடைய கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தது 249,435 வாக்கு. ஒரு மாவட்டத்திலும் ஆசனம் இல்லை, தேசியப் பட்டியலில் மட்டும் ஒன்று. அந்த ஒன்றில் 2021 ஜூனில் உள்ளே வந்தார், பதின்மூன்று மாதத்தில் ஜனாதிபதி. கோட்டாபய பதவி விலகிய பின், 2022 ஜூலை 20 இல் 134 உறுப்பினர்கள் அவருக்கு வாக்களித்தார்கள். அன்று அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3. இரண்டு வருடம் கழித்து அதே கேள்வியைத் தாங்கள் மக்களிடம் கேட்டீர்கள். மூன்று வாக்குக்காரருக்கு 56 இலட்சம், 134 வாக்குக்காரருக்கு நூற்றுக்குப் பதினேழு சொச்சம். ரணில் திறமையற்றவர் என்பதற்கு இது சான்றல்ல. பாராளுமன்றம் ஒரு வினாத்தாளுக்கும் மக்கள் இன்னொரு வினாத்தாளுக்கும் விடை எழுதினார்கள் என்பதற்கே சான்று. அத்தோடு, 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போனதையும், நிதியமைச்சர் என்ற முறையில் அவர் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததையும் தங்கள் ஆணைக்குழுவுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. சல்லி இல்லை என்றால் எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

இன்னொரு மறுப்பைச் சட்டத்தரணிகள் எழுப்புவார்கள்: பாராளுமன்றத்தின் நம்பிக்கை யாருக்கோ அவரே பிரதமர், அதை முன்கூட்டியே எப்படிப் பெயர் சொல்வது? கேட்க நன்றாக இருக்கிறது. 2024 செப்டெம்பர் 24 இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது அவருடைய கட்சிக்கு 225 இல் இருந்தது மூன்று ஆசனம். அன்றே பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. நம்பிக்கை தெரிவிக்க ஆளே இல்லை. அந்த வாரங்களில் ஜனாதிபதிக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தாலும் நாடு ஹரிணியின் கையில். பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அநுபவம் போதுமா என்று தேநீர்க் கடைகளில் பேச்சு எழுந்தது உண்மை. ஆனால் எழுந்தது வாக்குப்பெட்டி மூடிய பிறகு. நவம்பரில் கொழும்பு மாவட்ட மக்களிடம் அவரைப் பற்றிக் கேட்டபோது 655,289 விருப்பு வாக்கு விழுந்தது. மக்கள் பதில் சொல்லத் தெரியாதவர்கள் அல்லர், கேட்டால் சொல்கிறார்கள்.

பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாது என்பதற்கு எங்கள் மாவட்டமே மறுப்பு. 2024 ஜூன் 30 இல் இரா. சம்பந்தன் ஐயா காலமானார். அவருடைய ஆசனத்துக்கு அடுத்தவர் யார் என்று ஒருவரும் கூடிப் பேசவில்லை, ஒருவரும் ஹெலிகொப்டரில் பறக்கவில்லை. 2020 இல் அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்ற குகதாசனை விதி தானாகவே கூட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெயரை எழுதியவர்கள் திருகோணமலை வாக்காளர்கள், நாலு வருடத்துக்கு முன்பே. ஒரு எம்.பி.யின் ஆசனத்துக்கு இவ்வளவு பத்திரம் பார்க்கிற சட்டம், ஜனாதிபதியின் ஆசனம் என்றதும் கண்ணை மூடிக்கொள்வது ஏன்? கரைவலைச் சம்மாட்டி சுகமில்லாமல் படுத்தால் நாளைக்கு வலை வளைப்பவர் யார் என்பது கயிறு இழுக்கிற கடைசி ஆள்வரை தெரியும். தெரியாத கரையில் கயிறு பிடிக்க ஒருவரும் வரமாட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஜனாதிபதித் தேர்தலில் தாங்கள் எங்களிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று விருப்புக் கேட்கிறீர்கள். 2024 இல்தான் முதன்முறையாக இரண்டாம் விருப்பை எண்ணவும் நேர்ந்தது. இரண்டாம் விருப்புக்கு இடம் இருக்கிற சீட்டில் இரண்டாம் ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஒவ்வொரு வேட்பாளரும் தன் பெயருக்குக் கீழே, தான் இல்லாத நாளில் ஆளப்போகிறவரின் பெயரையும் எழுதட்டும். கடந்த முறை 39 பேர் வேட்புமனுக் கொடுத்தார்கள், சீட்டு இன்னும் நீளும் என்று கவலைப்படவேண்டாம். அந்தக் கூட்டத்தில் பலருக்கு இரண்டாவது ஆள் கிடைப்பதே கஷ்டம், சீட்டு சுருங்கவும் கூடும். எழுதப்பட்டவருக்கு வினைத்திறமைகாண் தடைப் பரீட்சை ஒன்றும் வையுங்கள். வினாத்தாள் தயாரிக்கச் சிரமம் என்றால் இரண்டு வினாவை இங்கிருந்தே தருகிறேன். எண்ணெய் வரிசை பத்தாம் நாளைக் கடக்கும்போது ஜனாதிபதி எந்த ஊரில் இருக்கவேண்டும்? மரமும் கொடியும் ஒரே வாக்குச்சாவடியில் நின்றால் யாருக்கு எத்தனை வாக்கு? விடையை இரண்டு அரசகரும மொழிகளிலும் எழுதவேண்டும், கிராம உத்தியோகத்தர் எழுதுவதுபோல.

இதைச் செய்ய ஆணைக்குழுவுக்கு அதிகாரம் இல்லை, அரசியலமைப்பைத் திருத்தவேண்டும் என்று எழுதுவீர்கள். புதிய அரசியலமைப்பு வரும், அப்போது இந்தப் பதவியே இராது என்றும் சேர்த்து எழுதலாம். 1994 இலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எதுவானாலும் எழுதுங்கள். சுயமுகவரியிட்டு முத்திரை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். அதன் மூலையில் 'பதில்' என்று குறித்திருப்பது கடிதத்தை. ஆளை அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் இடாப்பில் உள்ள ஒருவர்,
சல்லி, திருகோணமலை.