பொட்டலத்தின் பின்பக்கம்

இந்தியாவில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு பொருளே கிடையாது. நான் சொல்லவில்லை, 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லையாம். ஆகவே போர்ன்விட்டா முதலான பானங்களை அந்தத் தலைப்பில் அடுக்கி விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு ஓலை போயிற்று. சட்டத்தில் அது இல்லை என்பதைச் சட்டத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்கப் பதினெட்டு வருடம் ஆகியிருக்கிறது. அதுவரை இல்லாத பொருளைக் காசு கொடுத்து வாங்கி, இல்லாத ஆரோக்கியத்தைப் பாலில் கலக்கி, பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அதோடு நிற்கவில்லை. நம்மூரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்க வருகிறவர் கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் சாத்துக்குடி, ஒரு ரொட்டி. படுத்திருப்பவர் சர்க்கரை முற்றி, காலில் புண் ஆறாமல், விரலை எடுக்கலாமா பாதத்தை எடுக்கலாமா என்று டாக்டர்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஆளாக இருந்தாலும் அதே பாட்டில்தான். கட்டிலுக்கடியில் வரிசையாகச் சேரும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அதில் பாதி, அடுத்துப் படுக்கப்போகும் சொந்தக்காரருக்கு என்று வீட்டு அலமாரிக்குப் போகும்.

அமைச்சகத்தின் ஓலை வந்த அதே மாதம் இந்துஸ்தான் யூனிலீவர் விழித்துக்கொண்டது. ஹார்லிக்ஸ் இருந்த பிரிவுக்கு ‘ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்’ என்று புதுப்பெயர் சூட்டியது. பெயரை மாற்றப் பொடியை மாற்ற வேண்டியதில்லையே. கட்சி மாறுகிறவர் தோளில் துண்டை மட்டும் மாற்றிக்கொண்டு அதே தொகுதியில் நிற்பதில்லையா, அந்தக் கதைதான்.

இந்த ஓலைக்கு முன்கதை உண்டு. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவில் இத்தனை சர்க்கரை இருக்கிறது என்று ஒரு வீடியோ போட்டார். அவர் பேச்சில் கொஞ்சம் மிகை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரைக் கணக்கு அவர் கற்பனை இல்லை. 100 கிராமில் 37 கிராமுக்கு மேல் சேர்த்த சர்க்கரை என்று கம்பெனியே அச்சடித்திருந்தது, பின்பக்கத்தில், பூதக்கண்ணாடிக்காரர்களுக்காக. அதை ஒருவர் உரக்கப் படித்தார். வக்கீல் நோட்டீஸ் பறந்தது. அந்தப் பையன் வீடியோவை நீக்கி மன்னிப்பும் கேட்டார். அதே வருடக் கடைசியில் சேர்த்த சர்க்கரை சத்தமில்லாமல் 32 கிராம் அளவுக்கு இறங்கியது. அவர் சொன்னதில் விஷயமே இல்லையென்றால் எதைக் குறைத்தீர்கள்? விஷயம் இருந்ததென்றால் எதற்கு வக்கீல்?

இந்த நாட்டில் உணவுப் பொட்டலத்துக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் ஓடியாடும் பிள்ளை, கோதுமைக் கதிர், உயரமும் அறிவும் தருவதாக உறுதிமொழி. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போல உண்மை. முன்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பின்பக்கத்தில் இருப்பதை முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறவன்தான் குற்றவாளி.

ஆனால் அறிவுரை மட்டும் தின்கிறவனுக்கு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று 2023ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. இன்னும் 13 கோடிப் பேர் வாசலில் நிற்கிறார்கள். இவர்கள் எல்லோரிடமும் டாக்டர் சொல்வது, “சர்க்கரையைக் குறைங்க.” நோயாளியும் மனசாட்சியோடு குறைக்கிறார். காபியில் அறவே நிறுத்துகிறார். கல்யாண வீட்டு இலையில் ஜாங்கிரியை ஓரம் தள்ளுகிறார். பிறகு அந்தச் சர்க்கரையில்லாக் காபியில் நாலு மேரி பிஸ்கட்டை முக்கித் தின்கிறார். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும் பிஸ்கட். அதை நோயாளி பிஸ்கட் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு 300 மில்லி கோலாவே 30 கிராமைத் தாண்டும். தக்காளி சாஸில் கால் பங்கு வரை சர்க்கரை. இதில் அவர் எதைக் குறைப்பார்? தன் கையால் போட்டதைத்தான் குறைக்க முடியும். இன்னொருவன் போட்டு ஒட்டி அனுப்பியதை எப்படிக் குறைப்பது?

பெரியவர்களை விடுங்கள், அவர்களாவது கண்ணாடி போட்டுப் படிக்கலாம். வயிற்றுப்போக்கில் வாடிக் கிடக்கும் குழந்தை என்ன செய்யும்?

1971ல் வங்கதேச அகதிகள் பன்கான் முகாமில் காலராவில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மகலானபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கலந்து டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசல்தான் ஓஆர்எஸ். இன்றைய சூத்திரத்தில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியமும் சிட்ரேட்டும். அதில் சர்க்கரை ருசிக்காக இல்லை. உப்பைக் குடல் உறிஞ்ச அது கைகொடுக்கிறது, அவ்வளவுதான். அளவு மீறினால் தலைகீழ். உடம்பிலிருக்கும் தண்ணீரையே குடலுக்குள் இழுத்துவிடும், போக்கு கூடும்.

இந்த மூன்றெழுத்தைக் கம்பெனிகள் பார்த்தன. உயிர் காத்த பெயர், விளம்பரச் செலவில்லாமல் ஐம்பது வருட நம்பிக்கை. லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டிய சர்க்கரைத் தண்ணீரைப் பழப்படம் போட்ட டெட்ரா பேக்கில் அடைத்து, பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகளை நுழைத்து, எங்கே விற்றார்கள்? பெட்டிக்கடையிலா? மெடிக்கல் ஷாப்பில், மாத்திரைக்குப் பக்கத்தில். நடுராத்திரியில் துவண்டுபோன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்த தாய், “ஓஆர்எஸ் குடுங்கண்ணே” என்பாள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மருந்துக்குப் பதில், நோயைக் கூட்டும் சர்பத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போவாள்.

ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் எட்டு வருடம் இதற்காகக் கத்தினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. ஜூலையில் அதே ஆணையம் இளகியது. பெயரில் ஓஆர்எஸ் இருக்கலாம், ‘உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்றது. எங்கே போடுவார்கள் அந்த வரியை, எந்த எழுத்தில், என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அழுகிற குழந்தையைக் கையில் வைத்திருப்பவள் அதைப் படித்துத் தெளிவாள் என்று குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களுக்கு, தங்கள் வீட்டுக் குழந்தைக்கு எது ஓஆர்எஸ் என்று கட்டாயம் தெரிந்திருக்கும். 2025 அக்டோபரில்தான் மறுபடி தடை வந்தது. உடனே ஒரு கம்பெனி நீதிமன்றத்துக்கு ஓடியது. கையிருப்பு வீணாகிவிடுமாம். சரக்கு வீணாவதற்குப் பதறுகிற மனசு!

கைக்குழந்தை இன்னும் நல்ல வாடிக்கையாளர். பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024 ஏப்ரலில் நெஸ்லேயின் செரிலாக்கை நாடு நாடாக ஒப்பிட்டது. இந்தியாவில் சோதித்த எல்லா வகையிலும் சேர்த்த சர்க்கரை, ஒரு வேளைக்குச் சராசரியாகக் கிட்டத்தட்ட 3 கிராம். ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே மாதிரிப் பொருளில் பூஜ்யம். ஐந்து வருடத்தில் 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம், இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டே செய்கிறோம் என்றது கம்பெனி. உண்மைதான், சட்டம் அனுமதிக்கிறது. பூஜ்யத்துக்கு வழி தெரிந்தவர்கள் முப்பது சதவீதத்துக்கு மாலை கேட்கிறார்கள். வெளியே நாறிய பிறகு, சுத்திகரித்த சர்க்கரை சேர்க்காத வகைகளும் இந்தியாவுக்கு வந்தன. நம் பிள்ளைக்குச் சோற்றுருசி தெரியும் முன் இனிப்பு ருசி தெரியவேண்டும் என்று அதுவரை யார் வேண்டிக்கொண்டார்களோ!

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்லிவிடக்கூடாது. 2025 ஜனவரியில் அதன் பொருளாதார ஆய்வறிக்கை மிகையாகப் பதப்படுத்திய உணவுகளைப் பற்றிக் கண்ணீர் விட்டது. 2006ல் 90 கோடி டாலராக இருந்த விற்பனை 2019ல் 3,790 கோடி டாலராகிவிட்டது, இவற்றுக்குக் கூடுதலாக ‘ஆரோக்கிய வரி’ போடலாம் என்று யோசனை சொன்னது. எட்டே மாதம். செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5. நூடுல்ஸ், ஜாமுக்கு 12லிருந்து 5. பண்டிகைப் பரிசு! சோடா வகைகளுக்கு மட்டும் 40 சதவீதம். அதுவும் பழைய 28ஐயும் செஸ் 12ஐயும் கூட்டிய அதே 40தான். கூடவே மருந்துகளுக்கும் 12லிருந்து 5. நோய்க்கும் ஐந்து, மருந்துக்கும் ஐந்து. பாரபட்சம் பார்க்காத அரசு. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிரீம் பிஸ்கட் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் சமோசா மாட்டிக்கொண்டது. 2025 ஜூனில் மத்திய சுகாதாரத் துறை, அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை பற்றிய பலகைகள் வைக்கச் சொன்னது. மாதிரிப் போஸ்டரில் சமோசா, குலாப் ஜாமூன். நாடே சிரித்தது. தெருக் கடைக்காரருக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை என்று ஜூலையில் விளக்கம் கொடுத்தார்கள். குலாப் ஜாமூன் ஒன்றும் பத்தினி இல்லைதான். ஆனால் சர்க்கரைப் பாகில் கிடப்பதைக் கண்ணெதிரே காட்டிவிட்டு விற்கிறது. உயரமாக வளர்வாய் என்று அது எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அதற்கு வக்கீலும் இல்லை.

பழியைத் திருப்பிவிடுவது பழைய கலை. 1960களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் சங்கம் ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு டாலர் கொடுத்தது. 1967ல் பெரிய மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. மாரடைப்புக்குக் காரணம் கொழுப்பு, சர்க்கரை சாது. பணம் வந்த வழி கட்டுரையில் இல்லை. அது வெளிச்சத்துக்கு வர 2016 ஆயிற்று.

பொட்டலத்தின் முகத்திலேயே எச்சரிக்கை போடு என்பதுதான் மருத்துவர்களின் நெடுநாள் கோரிக்கை. சிலி நாட்டில் 2016லேயே கறுப்பு எண்கோணம் வந்துவிட்டது, ‘சர்க்கரை அதிகம்’ என்று. சிறுவர் உணவில் கார்ட்டூன் புலியும் காணாமல் போயிற்று. நாம் 2018ல் சிவப்புக் குறி போடுவதாக வரைவு எழுதினோம். கம்பெனிகள் முகம் சுளித்தன. 2022ல் அந்தச் சிவப்பு மறைந்து நட்சத்திரமாக முளைத்தது, அரையிலிருந்து ஐந்து வரை. சர்க்கரைக்கு மதிப்பெண் குறையும், கொஞ்சம் பருப்பும் நார்ச்சத்தும் தூவினால் கூடும். சித்ரகுப்தன் கணக்கு. கொலை செய்தவன் இரண்டு நாள் அன்னதானம் போட்டால் கழித்துவிடலாம். எவ்வளவு மோசமான பண்டமானாலும் அரை நட்சத்திரமாவது உண்டு, நட்சத்திரமே இல்லாதது எதுவும் இல்லை. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. பதினாலாயிரம் கருத்துகள் வந்திருக்கின்றன, பரிசீலிக்கிறோம் என்றது ஆணையம். 2025 ஏப்ரலில் நிபுணர் குழுவுக்கு மூன்று மாதக் கெடு. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கினார்கள். எழுத வேண்டியது இரண்டே சொல்.

இதற்கிடையில் 2025 மே மாதம் சிபிஎஸ்இ தன்னிடம் இணைந்த இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஓர் உத்தரவு போட்டது. பள்ளிதோறும் ‘சர்க்கரைப் பலகை’ வேண்டும். எந்தக் குளிர்பானத்தில் எத்தனை ஸ்பூன், எந்தப் பண்டத்தில் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரிய எழுதி வைக்கவேண்டும். பள்ளிகள் வேலையில் இறங்கின. வழக்கம்போல வேலை ப்ராஜெக்ட்டாகப் பிள்ளைகள் தலையில் விழுந்திருக்கும். அப்பா சார்ட் பேப்பர் வாங்கி வருவார், அம்மா ராத்திரி பத்து மணிக்குக் காலிப் பொட்டலங்களை ஒட்டிக் கொடுப்பார். ஆயிரம் கோடி வியாபாரம் செய்கிறவன் முகப்பில் அச்சடிக்க மறுத்ததைச் சொந்தச் செலவில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுகிறது மூன்றாம் வகுப்பு. நிபுணர் குழுவுக்கு இன்னும் வழி புலப்படவில்லை என்றால் அந்த வகுப்பை அணுகலாம். ஒரே ராத்திரியில் முடித்துத் தருவார்கள், எழுத்தையும் பெரிதாகத்தான் போடுவார்கள்.