கம்பளிக்கும் இறகுப்போர்வைக்கும் இடையே: மலைக்குடில் வழக்கு பற்றி ஒரு முன்னாய்வு

மலையேறுவோர் சங்கங்கள் நடத்தும் குடில்களில் இரவு தங்குவோர் இரு வகையினர். வெந்நீர் வேண்டும் என்போர் ஒரு வகை. வெந்நீர் வந்தால் மலையின் மானமே போய்விடும் என்போர் மற்றொரு வகை. ஆல்ப்ஸில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த வழக்கை முறைப்படி விசாரிப்பார் இல்லாத குறையைப் போக்கவே இச்சிற்றாய்வு. கருதுகோள் வருமாறு: எளிமை என்பது எக்காலத்தும் பக்கத்துப் படுக்கைக்காரர் கடைப்பிடிக்க வேண்டியது.

தொடக்கத்தில் வழக்கே இல்லை. 1863இல் தோன்றிய சுவிஸ் ஆல்பைன் கிளப், அதே ஆண்டில் டோடி மலைப்பகுதியில் க்ரூன்ஹார்ன் குடிலை எழுப்பியது. காற்றுக்கும் பனிக்கும் ஒதுங்க ஓர் இடம், அவ்வளவே. வசதி குறித்துச் சண்டை பிறக்க வேண்டுமானால், முதலில் கொஞ்சம் வசதி பிறந்தாக வேண்டும்.

அது ஆஸ்திரியாவில் தாராளமாகவே பிறந்தது. ஸில்லர்டால் மலைகளில், 2042 மீட்டர் உயரத்தில், ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தின் பெர்லின் கிளை 1879இல் ஒரு குடில் கட்டியது. பெர்லினர் ஹ்யூட்டே என்று பெயர். அடுத்தடுத்த விரிவாக்கங்களில் அது குடில் என்ற சொல்லையே கூச வைக்கும் அளவுக்கு வளர்ந்தது. மரப்பலகை வேய்ந்த உயரமான உணவுக்கூடம், தொங்கும் சரவிளக்குகள், சொந்தத் தபால் நிலையம், நிழற்படம் கழுவ இருட்டறை, செருப்புத் தைப்பவருக்குப் பட்டறை. கடைசியாகச் சொன்னதை மட்டும் ஆடம்பரம் என்று தள்ள இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. பூட்ஸின் அடி பிளந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். 1997இல் ஆஸ்திரிய அரசு இந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக்கிவிட்டது. ஆக, சரவிளக்கு இப்போது சட்டப்படி எளிமைக்கு அப்பாற்பட்டது.

எதிர்வினை 1923இல் வந்தது. பவேரியாவின் பாட் ட்யோல்ஸ் நகரில் கூடிய ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம், குடில்களுக்கென நெறிமுறைகளை வகுத்தது. இறகுப்போர்வை போகட்டும், கம்பளி போதும். சாப்பாடு எளிமையாக இருக்கட்டும். கிராமபோன் வெளியேறட்டும். படுக்கையில் உறுப்பினருக்கே முன்னுரிமை. இந்தக் கடைசி விதியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. மலையின் தூய்மைக்காகப் பேசத் தொடங்கியவர்கள், நடுவழியில் தமக்கு ஒரு படுக்கையை உறுதி செய்துகொண்டார்கள் என்பது நம் கருதுகோளுக்குக் கிடைத்த முதற்சான்று.

எளிமையை அளக்க முடியுமோ எனின், முடியும் என்க. ஜெர்மன் ஆல்பைன் சங்கம் அளந்தே வைத்திருக்கிறது. வண்டியோ கம்பிவட ஊர்தியோ வந்து நிற்கும் இடத்திலிருந்து குறைந்தது ஒரு மணி நேரம் நடந்தால்தான் எட்டக்கூடிய குடில் முதல் வகை. அங்கே எளிமை கட்டாயம். சுலபமாகப் போய்ச் சேரக்கூடியது இரண்டாம் வகை. அங்கே வசதி கூடலாம். மலையேறுவோர் உணவு என்று மலிவாக ஒரு தட்டு உறுப்பினருக்குக் கிடைக்க வேண்டும், அதில் 500 கிலோ கலோரியாவது இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. இரவு 10 மணிக்கு அமைதி. ஒழுக்கத்தை நடைநேரத்திலும் கலோரியிலும் நிறுத்துப் பார்த்த சங்கம் வேறு உண்டா என்பது தெரியவில்லை.

எளிமையின் எல்லையைக் காண விரும்புவோர் ஸ்காட்லாந்து போக வேண்டும். அங்கே 1965இல் தொடங்கிய மவுன்டன் பாத்தீஸ் சங்கம், கைவிடப்பட்ட ஆட்டிடையர் வீடுகளைப் போன்ற சுமார் நூறு கட்டடங்களைப் பராமரிக்கிறது. கட்டணம் இல்லை, மின்சாரம் இல்லை, குழாய் இல்லை. பெரும்பாலான இடங்களில் கழிப்பறை என்பது ஒரு மண்வெட்டி. அதை எடுத்துக்கொண்டு வீட்டையும் ஓடையையும் விட்டுத் தூரமாகப் போக வேண்டும். மழையில் அந்த மண்வெட்டியோடு ஒருமுறை நடந்தவர், எளிமையைப் புகழும்போது கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் புகழ்வார்.

மறுகோடி ஸெர்மாட்டுக்கு மேலே, 2883 மீட்டரில் இருக்கிறது. சூரிக்கின் ஈடிஹெச் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து சுவிஸ் ஆல்பைன் கிளப் 2009இல் திறந்த புதிய மான்டே ரோசா குடில் அது. அலுமினியத் தோல் போர்த்திய ஐந்தடுக்குப் படிகம். தெற்குச் சுவரில் சூரியத் தகடுகள். கழிப்பறையில் ஓடுவது சுத்திகரித்த பழைய நீர். வசதி என்று பார்த்தால் வசதி. சிக்கனம் என்று பார்த்தால் சிக்கனம். இதனால் இரு கட்சிக்காரர்களும் அங்கே தமக்குச் சாதகமான சான்றையே காண்கிறார்கள். பழைய குடிலோ 2011இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

ஆனால் இத்தனை விதிகளும் தொடாத இடம் ஒன்று உண்டு: பொதுப்படுக்கை. வரிசையாக மெத்தைகள், தோளோடு தோள். கம்பளி சங்கத்துடையது, அதனடியில் படுக்கும் மெல்லிய துணிப்பை அவரவர் கொண்டு வர வேண்டியது. போர்வைச் சண்டையை அந்தப் பை தீர்த்துவிட்டது. குறட்டையைத் தீர்க்க எந்த மாநாடும் கூடவில்லை. கிராமபோனைத் துரத்தியவர்கள், அதைவிட உரத்த ஒன்றை ஒவ்வொரு உறுப்பினரின் மூக்கிலும் விட்டுவைத்தார்கள். குறட்டை விடுபவர் நிம்மதியாகத் தூங்குகிறார். காதடைப்பான் வைத்திருப்பவரே சொகுசுக்காரர் என்று பெயர் வாங்குகிறார்.

மேலாய்வுக்குரியன இரண்டு. சிகரம் ஏறுவோர் விடியுமுன் எழுந்து பிளாஸ்டிக் பைகளைச் சரசரக்க வைக்கும்போது, அது அமைதி விதிக்குள் அடங்குமா அடங்காதா? இரண்டாவது, ஜன்னல். மேல்தட்டில் படுத்தவருக்கு அது திறந்திருக்க வேண்டும், கீழே படுத்தவருக்கு மூடியிருக்க வேண்டும். இதில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இதுவரை ஜன்னலோரம் படுத்தவரிடமே இருக்கிறது. அவர் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்று யாரும் கேட்பதில்லை.