கட்டிலோரத்துக் கேள்விகள்

பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்த, சேர்க்கப்போகிற பெற்றோரிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த வாரம் அவர்களுக்கு மட்டும்.

என் மூன்று வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். பெங்களூரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ‘லால்பாக் பார்க்கப் போறோம்னு சொல்லி ரயில் ஏத்திடு’ என்கிறார் மாமியார். சொல்லலாமா?
– ஒரு தாய், சாம்பியன் ரீஃப்

வேண்டாம்மா. லால்பாக் பார்க்கக் கிளம்பிய பிள்ளையின் கையில் ஊசி ஏறினால், அவன் சந்தேகப்படப்போவது உங்களைத்தான். அப்புறம் ராத்திரி ‘தூங்குடா, நான் இங்கேயேதான் இருப்பேன்’ என்று எத்தனை தடவை சொன்னாலும் கண்ணை மூடமாட்டான்.

இந்த வயதுக்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். ‘உனக்கு இங்க வீங்கிக்கிட்டு வருதே, அதை டாக்டர் சரி பண்ணுவார். ராத்திரி அங்கதான் தூங்குவோம். நானும் இருப்பேன்.’ அவ்வளவுதான். ‘ஊசி போடுவாங்களா?’ என்று நிச்சயம் கேட்பான். ‘போடுவாங்க. வலிக்கும். கொஞ்ச நேரத்துல போயிடும். நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்’ என்று சொல்லுங்கள். அழுவான். அழட்டும். வீட்டில் கட்டிக்கொண்டு தூங்கும் பழைய துண்டோ பொம்மையோ இருந்தால் துவைக்காமல் எடுத்துப்போங்கள். அதில் உங்கள் வீட்டு வாசனை இருக்கிறது.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பார்கள். ‘பசிக்குது’ என்று அழும்போது மனசு கேட்காமல் ஒரு பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். எதை எத்தனை மணிவரை கொடுக்கலாம் என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பரிதாபப்பட்டுக் கொடுப்பது பாட்டியாகத்தான் இருக்கும் என்பதால் அந்தச் சீட்டை அவரிடமும் காட்டுங்கள்.

மைனிங் ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் இந்த அலைச்சலே இல்லை என்கிறார் என் மாமனார். உண்மையா, ஏக்கமா?
– ஒரு வாசகி, உரிகம்

உண்மை. அதனால்தான் ஏக்கம். நம் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் பிள்ளைக்கு ஜுரம் என்றால் நடந்துபோகிற தூரத்தில் கம்பெனி ஆஸ்பத்திரி, செலவும் கம்பெனியுடையது. அம்மா வார்டில் இருந்தால், அப்பா ஷிஃப்ட் முடித்து வீடு போகும் வழியில் எட்டிப்பார்ப்பார். ஆயா, அதாவது பாட்டி, வீட்டிலிருந்து சோறு கொண்டுவருவார். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸை மூடியபோது, வேலையோடு சேர்ந்து பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற வசதியும் நம் கையைவிட்டுப் போனது.

இன்றைக்கு ராபர்ட்சன்பேட்டை அரசு ஆஸ்பத்திரியில் முடியாதென்றால் கோலார் எஸ்.என்.ஆர்., இல்லாவிட்டால் டமகாவில் ஜாலப்பா, அதையும் தாண்டினால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் பக்கத்திலுள்ள இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி. எல்லைக்கு அந்தப்பக்கம் குப்பம் போகிறவர்களும் வேலூர் சி.எம்.சி. போகிறவர்களும் உண்டு. டாக்டர் கிடைத்துவிடுகிறார். குடும்பம்தான் இரண்டாகப் பிரிகிறது: அம்மா அங்கே கட்டிலோரம், அப்பா வேலையில், மூத்த பிள்ளை ஆயாவிடம். நமக்கு வரும் பாதிக் கடிதங்கள் இந்தப் பிரிவிலிருந்து பிறந்தவை.

ஊசி போடும்போது ‘அம்மா வெளியே போங்க’ என்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், ஆண்டர்சன்பேட்டை

‘நான் இருக்கேன் சிஸ்டர், கையைப் பிடிச்சுக்கறேன், குறுக்கே வரமாட்டேன்’ என்று அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மடியில் வைத்து அணைத்தபடி போட்டால் பிள்ளை திமிறுவது குறையும், நர்ஸுக்கும் நரம்பு சீக்கிரம் கிடைக்கும். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளலாம். வலி குறைகிறது என்பது ஆராய்ந்து பார்த்த விஷயம்.

என் மகளை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது என்னையும் வெளியே நிற்கவைத்தார்கள். கதவுக்கு இந்தப்பக்கம் நின்று அவள் அலறலைக் கேட்டது இன்னும் ஆறவில்லை. மறுமுறை கேட்டு உள்ளே போனேன். அப்போதும் அழுதாள், என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அந்த இரண்டு அழுகைக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தாயும் காதாலேயே பிரித்துச் சொல்லிவிடுவாள். ஊசி அசையாமலிருக்க அட்டையை வைத்துக் கையில் பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள். ஒரு நர்ஸ் தன் பேனாவைக் கொடுக்க, அந்தப் பிளாஸ்திரியில் கண்ணும் மூக்கும் வரைந்தோம். அதற்கப்புறம் யார் மருந்து ஏற்ற வந்தாலும் ‘இவனுக்கு வலிக்காம போடுங்க’ என்று கையை அவளே நீட்டினாள்.

வேலைக்காகக் காலை ரயில், ராத்திரி ரயில் என்று ஓடுகிறேன். நடுவில் வார்டுக்குப் போனால் இரண்டரை வயது மகள் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மறந்துவிட்டாளா?
– ஒரு தந்தை, மாரிகுப்பம்

மறக்கவில்லை. கோபம். ‘என்னை இங்க விட்டுட்டு எங்க போன?’ என்பதை இரண்டரை வயது வேறெப்படிச் சொல்லும்?

உங்கள் மகள் வயதிலேயே ஒரு சிறுமியை வைத்து லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு படம் எடுத்தார். 1952-ல் வெளியானது. சின்ன ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தை, அவ்வளவுதான் கதை. அந்தக் காலத்தில் அங்கே பெற்றோர் குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். கூடத் தங்க முடியாது. போகப்போகக் குழந்தை அழுகையை நிறுத்திவிடும். ‘பழகிடுச்சு’ என்று டாக்டர்களும் நர்ஸுகளும் நம்பினார்கள். அது பழகியதல்ல, நம்பிக்கை விட்டுப்போய் ஒடுங்கியது என்றார் ராபர்ட்சன். முதலில் கத்தி எதிர்க்கும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் அப்பா அம்மாவிடமிருந்தே விலகி நிற்கும். மருத்துவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் 1959-ல் பிரிட்டனின் பிளாட் கமிட்டி, பெற்றோரை எந்நேரமும் அனுமதியுங்கள், சின்னப் பிள்ளைகளோடு தாய் தங்க இடம் கொடுங்கள் என்று அறிக்கையே கொடுத்தது. பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைகிற நம்மூர் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: அவள் திரும்பிக்கொண்டாலும் பக்கத்தில் உட்காருங்கள். தூக்க அவசரப்படாதீர்கள். கிளம்பும்போது தூங்கட்டும் என்று காத்திருந்து நழுவாதீர்கள். விழித்துப் பார்த்தால் நீங்கள் மாயமாகியிருப்பீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படுவாள். ‘நாளைக்கு இட்லி சாப்பிட்டப்புறம் வருவேன்’ என்று சொல்லுங்கள். மணி அவளுக்குத் தெரியாது, இட்லி தெரியும். சொன்னால் வந்துவிடுங்கள்.

வார்டில் நர்ஸுகள் கன்னடமும் மலையாளமும் பேசுகிறார்கள். எங்களுக்குக் கன்னடம் தெரியும், நான்கு வயதுப் பிள்ளைக்குத் தமிழ் மட்டும்தான். சமாளிப்பானா?
– ஒரு வாசகர், பி.இ.எம்.எல். நகர்

தண்ணி, வலி, ஒண்ணுக்கு, அம்மா – இந்த நான்கையும் அவன் எப்படிச் சொல்வான் என்று கன்னடத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்குப் போக நேர்ந்தால் இது இன்னும் முக்கியம். அங்கேதான் உங்களைக் கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

டெங்கு ஜுரம். பப்பாளி இலைச்சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறுமாமே?
– ஒரு தாய், கோரமண்டல்

சாற்றைத் தேடி அலையும் நேரத்தில் பிள்ளையைப் பாருங்கள். டெங்குவில் ஏமாற்றுகிற நேரம் ஒன்று உண்டு: ஜுரம் விடுகிற நேரம். ‘அப்பாடா’ என்று நாம் மூச்சுவிடும்போதுதான், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்து ஆரம்பிக்கும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் மூக்கில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது, ஒண்ணுக்குக் குறைவது, துவண்டு கிடப்பது – இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்குத் தகுந்த அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

ஜுரத்தில் இழுப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி, பேத்தமங்கலா

வேண்டாம் ஆயா. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கழுத்துப்பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முதல் தடவை என்றால் நின்றபிறகும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மந்திரித்த கயிறு கட்டலாமா?
– ஒரு வாசகி, ராபர்ட்சன்பேட்டை

கட்டுங்கள், உங்களுக்குத் தெம்பு வேண்டும். டிரிப்ஸ் ஏறுகிற கையில் மட்டும் வேண்டாம்.

ரேஷன் கார்டு இருக்கிறது, கையில் காசு இல்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, பங்காரப்பேட்டை

கர்நாடகத்தில் 2018-லிருந்து ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டம் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. மற்றவர்களுக்குச் செலவில் 30 சதவீதம், 1.5 லட்சம் வரை. தனியார் ஆஸ்பத்திரியில் இதைப் பயன்படுத்த, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். உயிர்போகிற அவசரம் என்றால் அது தேவையில்லை. ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் நகலெடுத்துப் பையில் போட்டுவையுங்கள். பணம் கட்டும் ஜன்னலுக்குப் போவதற்கு முன்னால் ‘ஆரோக்கிய மித்ரா எங்கே?’ என்று கேளுங்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வழிகாட்டவே அவரை வைத்திருக்கிறார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது உங்கள் பிள்ளைக்குச் சேர வேண்டியது.

கேஸ் ஷீட் காப்பி கேட்டால் தரவேண்டுமா?
– ஒரு வாசகர், பங்காரப்பேட்டை

ஆம். எழுதிக்கொடுத்துக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரவேண்டும் என்பது 2002-ன் மருத்துவக் கவுன்சில் விதி.

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. நான்கு வயதுப் பையன் மறுபடி படுக்கையை நனைக்கிறான், நான் பாத்ரூம் போனாலும் கதவைத் தட்டுகிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனோ?
– ஒரு தாய், உரிகம்

இல்லவே இல்லை. உடம்பு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, பயம் இன்னும் ஆகவில்லை. திட்டாதீர்கள், அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்காதீர்கள். மருந்து நீங்கிய வெறும் சிரிஞ்சை, ஊசியில்லாமல், கையில் கொடுங்கள். பொம்மைக்குப் போடுவான், உங்களுக்கும் போடுவான். ‘ஐயோ வலிக்குதே’ என்று நீங்கள் அழுதுகாட்டினால் ‘அழாதம்மா, நான் இருக்கேன்’ என்பான். எத்தனை தடவை கேட்டாலும் விளையாடுங்கள். சில வாரங்களில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் நீண்டால், சாப்பாடு தூக்கம் கெட்டால், குழந்தை டாக்டரிடம் இதையும் சொல்லுங்கள்.

சின்னவனோடு நான் பெங்களூரில். ஏழு வயது மூத்தவள் என் அம்மாவிடம் இருக்கிறாள். போனில் கூப்பிட்டால் பேச மறுக்கிறாள்.
– ஒரு தாய், சாம்பியன் ரீஃப்

கடிதங்களில் அதிகம் மறக்கப்பட்ட பிள்ளை இவள்தான். ‘தம்பியோட சண்டை போட்டேன், அதான் அவனுக்கு உடம்பு சரியில்லாம போச்சு’ என்றுகூட ஏழு வயது மனசுக்குள் வைத்திருக்கும். ‘உன்னால ஒண்ணும் ஆகல’ என்று அவள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வரச்சொல்லுங்கள். வார்டுக்குள் விடாவிட்டால் நீங்கள் கீழே இறங்கிப்போய் உட்காருங்கள், அந்த நேரம் கட்டிலுக்கு அப்பா காவல். தினமும் கூப்பிடும்போது தம்பி பேச்சை எடுக்காதீர்கள். இன்றைக்கு ஸ்கூலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஆயா என்ன குழம்பு வைத்தார் என்று கேளுங்கள். தம்பியைப் பற்றி அவளே கேட்பாள்.