அம்மா கேட்ட இரண்டாம் பாகம்

இளையோர் நாவல்களில் உலகம் மூன்று பாகமாகத்தான் அழியும். முதல் பாகத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் அரசாங்கத்தை முறைப்பாள். மூன்றாம் பாகத்தில் அரசாங்கம் கவிழும். நடுப் பாகத்துக்கு ஒரே வேலை: முதல் பாகத்தில் பட்ட பாட்டை அவள் மறுபடியும் பட வேண்டும்.

சுசான் காலின்ஸ் 2008இல் 'தி ஹங்கர் கேம்ஸ்' எழுதினார். அடுத்த ஆண்டே 'கேட்சிங் ஃபயர்'. மகளின் வற்புறுத்தலால், மலேசியாவின் கிள்ளான் வட்டாரத்தில், பண்டமாரான் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிச் சத்தத்துக்கு நடுவே கதையை அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பால் மரம் வெட்டியவர்.

"பானெம்னு ஒரு நாடும்மா. பன்னிரண்டு மாவட்டம். ஒண்ணுல நிலக்கரி, இன்னொண்ணுல தோட்ட வேலை. யாரும் வேலியைத் தாண்டக் கூடாது."

"பெரட்டு எத்தனை மணிக்கு?"

விடிகாலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டு புத்தகத்தில் இல்லை. ஆசிரியர்மேல் அம்மாவுக்கு முதல் சந்தேகம் விழுந்தது.

தலைநகர விருந்தில் வயிறு நிறைந்தவர்கள், வாந்தி எடுக்க ஒரு பானம் குடித்துவிட்டு மறுபடி சாப்பிடுகிறார்கள். மகள் அதிர்ந்துபோன இடம் அது. "கிராணி வீட்டுக் கல்யாணத்தை நீங்க பார்த்ததில்ல" என்றார் அம்மா, தோட்டத்து எழுத்தரை நினைத்து.

மாவட்டப் பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிடும் அரசின் 75ஆவது ஆண்டுப் போட்டியில், ஏற்கெனவே ஜெயித்தவர்களையே மீண்டும் களத்தில் இறக்குகிறார்கள்.

"ஜெயிச்சவங்களுக்கு இனிமே தொல்லை இல்லன்னாங்களே?"

"சட்டம் அப்படித்தான்னு சொல்லிட்டாங்கம்மா."

"ஆள் பேரு பதியிற செக்ரோல் அவன் கையிலதானே இருக்கு."

பதினோராவது மாவட்டத்தில் ஒரு கிழவர் சீட்டியடிக்க, கூட்டம் கதை நாயகி காட்னிஸை நோக்கி விரல்களை உயர்த்தி மரியாதை செய்கிறது. கிழவரைச் சுட்டுவிடுகிறார்கள்.

"விரலுக்கேவா? நம்ம ஆளுங்க சைக்கிள விட்டு இறங்க மாட்டோம்னதுக்குப் பட்டாளமே வந்துச்சு, தம்பி."

உண்மைதான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தொரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். தொழிலாளர்கள்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அதற்குப் பிறகு, வில்லும் அம்பும் வைத்திருக்கும் காட்னிஸ் எனக்குக் கொஞ்சம் வசதியான புரட்சிக்காரியாகத் தெரிந்தாள்.

கடைசிப் பக்கத்தில் அவளுடைய மாவட்டமே இல்லாமல் போகிறது.

"தோட்டத்தை வித்துட்டானா?"

"குண்டு போட்டுட்டாங்கம்மா."

"ரெண்டும் ஒண்ணுதான். வீடு கொடுத்தானா?"

பதில் இல்லாமல் விழித்தேன். அம்மாவே தொடர்ந்தார்: "அடுத்த பாகத்துல பழைய தொரைய விரட்டுவாங்க. கூட நின்ன ஆளே அந்த நாற்காலியில உக்காந்து, அதே பெரட்டுக்கு மணி அடிக்கும். அந்தப் பொண்ண அதுமேல ஒரு கண்ணு வச்சிக்கச் சொல்லு."

மூன்றாம் பாகத்தை முடித்திருந்த மகள் அறையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"அப்பா! பாட்டிக்கு முடிவைச் சொல்லிட்டீங்களா?"

நான் எங்கே சொன்னேன்? எனக்கே இப்போதுதான் தெரியும்.